அனுசரணி

பல்லாவரம் பனிக்கூடத்தின் மூன்றாவது வளைவில், பூரணி எதுவுமே செய்யாமல் இருந்து பார்த்தாள்.

இடது பக்கம் சாய வேண்டிய இடம் அது. அவள் சாயவில்லை, முழங்கையோடு கட்டிய ஊன்றுகோல்களான கைத்தாங்கிகளைப் பனியில் ஊன்றவும் இல்லை. ரேஷன் கடை வரிசையில் காத்திருப்பவளைப்போல் சும்மா உட்கார்ந்திருந்தாள். பனிப்பலகைமேல் பொருத்திய சறுக்கிருக்கை தானாகச் சாய்ந்து, வளைவைக் கடந்து, அடிவாரத்தில் பதவிசாக வந்து நின்றது. அதுகூடப் பரவாயில்லை. அந்த இடத்தில் பூரணி எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் சாய்வாள். பயத்தில் வந்த பழக்கம். இருக்கையும் அதே கொஞ்சம் தாமதமாகச் சாய்ந்ததுதான் அவளைக் கலவரப்படுத்தியது.

"களவாணி," என்று முணுமுணுத்தாள்.

பாதுகாப்புக் கயிற்றைப் பிடித்தபடி பின்னால் சறுக்கி வந்த கணவன் மாறன் மூச்சிரைக்கக் கத்தினான். "பிரமாதம் பூரணி! போன வருஷத்தைவிட நல்லாப் போறே!"

சந்தேகமே இந்த மாதிரிப் பாராட்டில்தான் ஆரம்பித்தது. போன வருஷம் அவள் தயிர்சாதத்தைத் தானே பிசைந்து சாப்பிட்டாள். இப்போது கையில் கரண்டி நிற்பதில்லை. தசைகளை ஒவ்வொன்றாக வலுவிழக்கச் செய்யும் நோய். வலு மெதுவாகத்தான் போகும், ஆனால் போனது திரும்பி வராது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். உடம்பு இறங்கிக்கொண்டே போகும்போது சறுக்கு மட்டும் எப்படி ஏறும்?

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பழைய கல்குவாரிக் குன்றுக்குக் கூரை போட்டு, உள்ளே பனியைக் கொட்டி வைத்திருந்தார்கள். அனுசரணி என்ற கருவி வந்த பிறகு, ஊரில் கால் வராதவரும் கை நடுங்குபவரும் எல்லாமே செய்கிறார்கள். தோளில் ஒட்டிய வில்லை நரம்பில் ஓடும் எண்ணத்தைப் படிக்கும்; தசையால் முடியாத மிச்சத்தை இருக்கையிலும் கைத்தாங்கிகளிலும் உள்ள மோட்டார்கள் முடித்துவிடும். நல்ல விஷயம்தான், யார் இல்லை என்றது? எவ்வளவு மிச்சம் என்பதை மட்டும் அது வாயைத் திறந்து சொல்லாது. சொன்னால் ஆட்கள் மனம் உடைந்து போகிறார்களாம். அதனால் கைக்கு ஒரு பொய்யான எதிர்ப்பைக் கொடுத்து, நீதான் தள்ளினாய் என்று நம்பவும் வைத்துவிடும்.

இருக்கைகளைப் பராமரிக்கும் ரெஹானா அருகில் வந்ததும் பூரணி பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணுமே பண்ணல. அது எப்படித் திரும்பிச்சு?"

"ரெண்டு வருஷமா உங்களைப் படிச்சிருக்கு மேடம். நீங்க எங்க என்ன செய்வீங்கன்னு அதுக்குத் தெரியும்."

"அப்போ நான் எதுக்கு? ஒரு சிமெண்ட் மூட்டையைக் கட்டி அனுப்ப வேண்டியதுதானே? சொல்லுங்க, இதுல நான் எவ்வளவு?"

ரெஹானா மாறனைப் பார்த்தாள். அந்தப் பார்வை போதும்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று பூரணி கணவனைக் கேட்டாள்.

மாறன் கயிற்றைச் சுருட்டுவதில் மும்முரமானான். "தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? சந்தோஷமா இருந்தே, நான் ஏன் கெடுக்கணும்? கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்."

கல்யாணத்தன்று அம்மாவிலிருந்து பந்தி பரிமாறியவர் வரை எல்லோரும் அவளுக்குச் சொன்ன புத்திமதி இது. அன்றைக்கு அவள் மனிதர்களை அனுசரிக்க வேண்டியிருந்தது. இன்று ஓர் இயந்திரம் அவளை அனுசரிக்கிறது, அந்த இயந்திரத்தை அவள் அனுசரிக்க வேண்டுமாம்.

"அணைங்க அதை. எனக்கு மிச்சம் ஒரே ஒரு விரல்னாலும் சரி, அது எந்த விரல்னு எனக்குத் தெரியணும். இல்லேன்னா ஒருநாள் நான் முழுசாக் காணாமப் போயிருப்பேன், நீங்க பின்னாடியே 'பிரமாதம்'னு சொல்லிக்கிட்டு வருவீங்க."

மாறன் கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தினான். ரெஹானாவிடம் தலையசைத்தான்.

குழந்தைகள் பழகும் சின்னச் சரிவின் உச்சிக்குப் போனார்கள். ரெஹானா கைக்கணினியில் எதையோ அழுத்த, இருக்கையின் பச்சை விளக்கு அணைந்தது.

பூரணி ஊன்றினாள். வலது கை சொன்னபடி கேட்டது. இடது கை மாமியார் வீட்டுக்குப் போகும் மருமகளைப்போல் தயங்கித் தயங்கி வந்தது. பலகை கோணல்மாணலாக ஓடியது. அசிங்கமாக இருந்தது, ஆனந்தமாகவும் இருந்தது. வளைவில் இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிச் சாய்ந்தாள். போதவில்லை. இருக்கை குடைசாய்ந்து, வாய் நிறையப் பனியோடு விழுந்தாள்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவை! படுத்த வாக்கில் சத்தமாகச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும், அவளை இருக்கையோடு பிணைத்த மார்புப் பட்டி நினைவுக்கு வந்தது. அது இறுகியது, குடைசாய்வதற்கு முன்னால். அணைந்துபோன இருக்கை எதற்குப் பட்டியை இறுக்குகிறது? பலகைக்கு அடியில் சிக்கி நொறுங்கியிருக்க வேண்டிய இடது கை, பத்திரமாக மார்போடு மடங்கிக் கிடந்தது. அவள் மடக்கவில்லை. மடக்கும் வலு அந்தக் கையை விட்டுப் போய் மாதங்கள் ஆகிவிட்டன. சுற்றிலும் பார்த்தாள். அந்தச் சரிவிலேயே பனி மெத்தென்று குவிந்திருந்த ஒரே இடத்தில் அவள் கிடந்தாள்.

மேலே ரெஹானா கைக்கணினியை வெறித்தபடி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கே ஒன்றும் புரியவில்லை என்பது அங்கிருந்தே தெரிந்தது. அணைந்தது விளக்கு மட்டும்தான். பூரணிக்கு வேண்டியது ஒரு தோல்வி என்பதை அனுசரணி படித்து, அதையும் அடிபடாமல் அவளுக்குச் செய்து கொடுத்துவிட்டது.

பட்டியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாறன் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து, பனியில் மண்டியிட்டான். அழுகையும் சிரிப்புமாக அவள் முகத்தைத் துடைத்தான். வெகுநாள் கழித்து அவளை நேருக்கு நேர் பார்த்தான்.

"விழுந்துட்டே பூரணி! நீயே விழுந்தே!"

அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள்.

"வலிச்சுதா?" என்றான் ஆசையாக.

துளிகூட வலிக்கவில்லை.

"ரொம்ப," என்றாள் பூரணி.