வெளிச்சமில்லாத பக்கம்

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் மாற்றும்போதுதான் பூங்கோதை அதைக் கவனித்தாள். ஜன்னலோரம் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருந்த லக்கி பேம்பூ செடி, வெளிச்சம் வரும் பக்கத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் சாய்ந்திருந்தது. ஐந்து தண்டுகளும், ஒன்றுகூட விலகாமல், இருட்டான சமையலறையைப் பார்த்தபடி.

விருத்தாசலத்துக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கணவன் நந்தகுமாருக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. அங்கிருந்து அவன் கொண்டுவந்த வெள்ளைக் கிண்ணத்தில் கூழாங்கல் பரப்பி, மாடி வீட்டு ஆண்டாள் அக்கா கொடுத்த தண்டுகளை அவளே நட்டிருந்தாள். குழாய்த் தண்ணீரில் இலை நுனி கருகும் என்று கேள்விப்பட்டு, குடிக்கிற கேன் தண்ணீரையே ஊற்றினாள். நேர்வெயில் படாமல் திரை போட்டாள். கைக்குழந்தை தென்றலுக்கு அடுத்தபடியாக அவள் கவனித்தது அதைத்தான்.

கிண்ணத்தைத் திருப்பி வைத்தாள். மறுநாள் தண்டுகள் மறுபடி உள்பக்கமே வளைந்திருந்தன.

கொஞ்சம் இட்லி மாவு கேட்டு வந்த ஆண்டாளிடம் காட்டினாள்.

"செடின்னா வெளிச்சம் இருக்குற பக்கந்தான் சாயும். உள்ள என்னா லைட்டு எரியுது?"

"ஒண்ணும் எரியிலக்கா."

ஆண்டாள் செடியையும் சமையலறையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடுப்புல பால் இருக்குது, போயிட்டு வரேன்" என்று, மாவு வாங்காமலே மேலே போனாள். அப்புறம் அவள் கீழே வரவேயில்லை.

நந்தகுமார் சிரித்தான். "புது வூடு. அதான் எதப் பாத்தாலும் பயப்படுற."

திங்கட்கிழமை மத்தியானம், அவன் வேலைக்குப் போயிருந்தபோது, கரண்ட் போனது. மின்விசிறி மெல்லச் சுழன்று நிற்க, ஜங்ஷனில் ரயில் ஒன்று நீளமாகக் கூவி ஓய, தோளில் தூங்கும் தென்றலின் சூடான மூச்சைத் தவிர வேறு சத்தமில்லாத அந்த வீட்டில், ஈரக் களிமண்ணின் வாடை எங்கிருந்தோ கிளம்பிக் கூடம் முழுக்கப் பரவியது. பூங்கோதை செடியைப் பார்த்தாள்.

இலைகள் அசைந்தன.

காற்றில்லை. திரைகூட ஆடவில்லை. சமையலறையைப் பார்த்திருந்த தண்டுகள், யாரோ நடந்து வருவதைப் பார்ப்பதுபோல, மெதுவாகத் திரும்பின. சமையலறை வாசல். சாப்பாட்டு மேசை. பிறகு அவள்.

அவளை நேராகப் பார்த்து நின்றன.

பிடரியில் சில்லென்று ஏதோ பட்டது. களிமண் வாடை மூக்கை அடைத்தது. அவள் மூச்சுவிடவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

தண்டுகள் அவளைக் கடந்தன. படுக்கையறைப் பக்கம் போய் நின்றன.

உள்ளே தூளிக் கயிறு முனகியது.

வாசலுக்குப் போக அந்த அறையைத் தாண்டியாக வேண்டும். சுவரோடு ஒட்டி நகர்ந்தாள். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். பார்த்துவிட்டாள்.

காலித் தூளி ஆடிக்கொண்டிருந்தது. காலியில்லை. புடவைத்துணி விறைத்து, தரை தொடுமளவு தொங்கியது. கனம். பெரிய ஆளின் கனம்.

தென்றல் விழித்தாள். அழவில்லை. அம்மாவின் பிடியிலிருந்து அறைப்பக்கமாக உடம்பைச் சாய்த்து, இரண்டு கைகளையும் தூளியை நோக்கி நீட்டினாள். இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாத குழந்தை வாயைத் திறந்தது.

"ம்மா."

தூளி ஆடுவது நின்றது. துணியின் விளிம்பை உள்ளிருந்து ஏதோ மெல்ல விலக்கியது.