பூனை பார்த்த மூலை

தங்கை புதிதாகக் குடிபோன வீட்டுக்கு அக்கா வந்து சேர்ந்தது ஒரு மத்தியான நேரம். மழை மூட்டத்தில் படுக்கையறை மங்கிக் கிடந்தது. சுவரெல்லாம் ஈர வாடை.

“இந்தப் பூனையைப் பாருக்கா. முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போனது. இவரு இதுக்கு ஹவுஸ் ஓனர்னு பேரு வெச்சிருக்காரு.”

அலமாரியின் பக்கவாட்டில் தொங்கிய ஓவியத்தில் ஒரு மஞ்சள் பூனை. சின்னப்பிள்ளை கிறுக்கியது போன்ற கோடுகள். குடையாக வளைந்த முதுகு, பாட்டில் கழுவும் பிரஷ் போல வால், தட்டுத் தட்டாகக் கண்கள், காதுவரை கிழிந்த வாய். அது உட்கார்ந்திருந்தது இதே அறையின் ஜன்னலில். வளைந்த கம்பிகூட அப்படியே இருந்தது.

“வரையவே தெரியல, பாவம்” என்று தங்கை சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. அவள் கால்நடை மருத்துவர்.

“நல்லாத்தாண்டி வரைஞ்சிருக்காங்க. காது பின்னால ஒட்டிக் கிடக்கு. முடி அத்தனையும் நட்டுக்கிட்டு நிக்குது. இது சிரிக்கல. பயந்துபோய்ச் சீறுது.”

“எதைப் பார்த்து?”

அக்கா ஜன்னலருகே போய் நின்றாள். பூனையின் பார்வை போன திக்கில் தானும் பார்த்தாள்.

எதிர் மூலை.

அங்கே தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை, தலைக்கு மேலிருந்த வெறும் இருட்டைப் பார்த்துக் கலகலவென்று சிரித்தது.

“தினமும் இப்படித்தான்க்கா. பூனையைப் பார்த்துச் சிரிக்குதுன்னு...”

“அலமாரி மறைக்குதுடி. அங்கேருந்து பூனை தெரியாது.” அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள். “தொட்டிலை நீ ஆட்டினியா?”

“இல்லையே. நீ?”

தொட்டில் சட்டென்று நின்றது. யாரோ பிடித்து நிறுத்தியது போல.

தங்கை பாய்ந்து குழந்தையை வாரினாள். செருப்புகூடப் போடாமல் இருவரும் மழையில் இறங்கி ஓடினார்கள்.

அக்காவின் ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்தான். கூண்டு நாய்களின் குரைப்பு தெருமுனையிலேயே கேட்டது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது. இனிப் பயமில்லை.

குழந்தையோடு அவள் வாசலைத் தாண்டினாள்.

குரைப்பு அறுந்தது.

அத்தனை நாய்களும் பின்வாங்கிக் கூண்டுச் சுவரோடு ஒண்டின. ஒன்று நின்றபடியே மூத்திரம் போனது.

தங்கை கதவைச் சாத்தப் போனாள்.

“சாத்தாதே” என்று அக்கா கிசுகிசுத்தாள். “உள்ள வந்துடுச்சு.”