பட்டிக்குள் பார்த்து நின்ற கழுதை

காவல் கழுதை ஆடுகளுக்கு முதுகையும் வேலிக்கு முகத்தையும் காட்டித்தான் நிற்கும். ஓநாய் வெளியிலிருந்துதானே வரும்! அன்று பொழுது சாயும்போது ஆட்டுக்காரியின் கழுதை வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதுகளை விடைத்து, பட்டிக்குள் பார்த்து நின்றது.

கழுதையைக் காவலுக்கு வைத்தவள் என்று ஊரே அவளைக் கிண்டலடித்தது. அடிக்கட்டும். இது வந்த பிறகு ஓநாய் ஒரு குட்டியைக்கூடத் தூக்கவில்லை. கிழிந்த காது ஆடு ஒன்றுதான் மேய்ச்சலில் காணாமல் போயிருந்தது. அதுவும் இன்று மதியம் தானாகவே திரும்பிவிட்டது. வந்ததும் கழுதை அதன்மேல் பாய்ந்து கடித்தது. "கிறுக்குப் பிடிச்சிடுச்சு, வித்துத் தொலைக்கிறேன்" என்று கணவன் கழுதையைப் பட்டிக்குள்ளேயே முளையில் கட்டிவிட்டு, காய்ச்சலோடு போய்ப் படுத்துக்கொண்டான்.

அவள் உள்ளே நுழைந்து, பட்டி வாசலின் மூங்கில் படலைச் சாத்தினாள். ஈரக் கம்பளி வாடையும் புழுக்கை வாடையும் என்றும்போலத்தான் இருந்தன. ஆனால் மந்தை முழுக்க ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டிருக்க, நடுவில் கிழிந்த காது ஆடு மட்டும் தனியாக, படலையே வெறித்தபடி படுத்திருந்தது.

அது அசை போடவில்லை.

நோய் கண்டுவிட்டதோ என்று அதன் வயிற்றில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது. கழுதை கடித்த இடத்தில் தோல் பிளந்திருந்தது. ரத்தமில்லை. உள்ளே இன்னொரு ரோமம். கறுப்பு.

"கழுதை கட்டியே கிடக்கட்டும். நீ படலைத் திறந்துட்டு வா."

கணவனின் குரல். "வர்றேங்க" என்று எழப்போனாள். அப்போது வீட்டுக்குள் அவன் இருமினான்.

"படலைத் திற."

அசைந்தது ஆட்டின் வாய்.

 பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. தன் ஆட்டைத் தின்றுவிட்டு அதன் தோலையே போர்த்திக்கொண்டு வந்திருக்கிறது!

"என் பட்டிக்குள்ள வந்து எனக்கே உத்தரவு போடறியா?" படலுக்குச் சங்கிலி மாட்டினாள். உள்பக்கமாக. கழுதையின் முடிச்சை அவிழ்த்தாள். "இனி ஒரு குட்டி வெளிய போகாது. நீயும்தான்."

கழுதை முன்னால் வந்தது. அவளும்.

ஆடு எழுந்தது. பின்னங்கால்களில். படலைவிட உயரமாக.

"என்னங்க" என்றது. இப்போது அவள் குரலில். "ஓடி வாங்க. படலைத் திறங்க."

"வராதீங்க!" என்று கத்தினாள்.

"வாங்க!" என்று கத்தியது அது.

வீட்டில் இருமல் நின்றது. செருப்புச் சத்தம். படலுக்கு வெளியிலிருந்து ஒரு கை உள்ளே நுழைந்து, சங்கிலியைத் தேடித் தடவியது.