என் பங்குச் சோறு

காலையில் கண் விழித்ததும் நாங்கள் பார்ப்பது மெஸ் சுவரில் ஒளிரும் எண்ணைத்தான். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் வேலைச்சுட்டி. துறைமுகத்துக்கு எவ்வளவு சரக்கு வருகிறது, எத்தனை ஆள் தேவை என்று கூட்டிக் கழித்துச் சொல்கிற எண். பச்சையாக இருந்தால் டீ இனிக்கும். மஞ்சளானால் பேச்சு குறையும். போன வாரம் அது சிவப்பானது. அன்று கிண்டிய உப்புமாவை ஒருவனும் தொடவில்லை. கை வலிக்கக் கிண்டிய எனக்குத்தான் எரிச்சல்.

நான் காசிம், கீழக்கரைக்காரன். பனி உருகித் திறந்துகொண்ட இந்த வடகடல் துறைமுகத்தில், தமிழாட்கள் தங்கும் விடுதிக்குச் சமையற்காரன். சந்தை சரிந்தால் முன்பெல்லாம் எங்களை விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். மறுபடி ஆள் பிடிப்பது செலவு என்று இப்போது அனுப்புவதில்லை, ஓய்வுறக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். குளிர்ப்பேழைக்குள் படுத்தவனுக்குச் சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, வயதும் ஏறாது. வேலையில்லாதவர் கணக்கிலும் அவன் வரமாட்டான். சுட்டி எப்போது பச்சையாகிறதோ அப்போது எழுப்புவார்கள். ஆறு மாதமும் ஆகலாம், பத்து வருடமும் ஆகலாம். எவன் கேட்பது?

நான் இரண்டு தடவை படுத்து எழுந்தவன். நிக்காஹ் ஆகி இங்கே வந்தபோது ஜொஹரா என்னைவிடச் சின்னவள். இப்போது எனக்கு நாற்பது, அவளுக்கு ஐம்பத்தைந்து. வீடியோவில் பார்த்தால் முக்காட்டுக்குள் நரை தெரிகிறது. “இன்னொரு தடவ தூங்குனீங்கன்னா என் மையத்தத் தூக்கத்தான் வருவீங்க,” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் பிறகுதான் யார் யார் கையையோ காலையோ பிடித்து, கிரேன் வேலையை விட்டு அடுப்படிக்கு மாறினேன். விழித்திருப்பவர்களுக்குச் சோறு வேண்டுமே, சமையற்காரனைப் படுக்க வைப்பதில்லை. ஒதுக்கிய பேழை எதுவும் காலியாக விழுந்தால் மட்டும் யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று சட்டம். எனக்குத் தெரிந்து அப்படி நடந்ததே இல்லை.

படுக்கப்போகிறவர்கள் முதல்நாளிலிருந்தே பட்டினி கிடக்க வேண்டும். பட்டினியாக ஆளை அனுப்ப யாருக்கு மனசு வரும்? அதனால் எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. படுக்கிறவனின் பங்கை, விழித்திருக்கப்போகிறவன் அவன் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவான். இன்று விடியற்காலையில் பிரியாணி ஆக்கினேன். ஆளுக்கு இரண்டு பங்கு தின்றார்கள். ஆக்கியவன் கடைசியில் உண்பதுதான் முறை என்பதால் என் தட்டு மட்டும் மூடியிருந்தது. அண்டாவைக் கழுவிவிட்டு வந்து திறந்தால் எலும்புதான் கிடந்தது.

பக்கத்தில் சகாயம் உட்கார்ந்திருந்தான். தூத்துக்குடிப் பையன், இன்று படுக்க வேண்டியவன். போன தடவை அவன் படுத்தபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். எழுந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவனை அப்பா என்று கூப்பிடவே அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது. பட்டினி கிடந்தவன் வயிற்றில் சோறு இருந்தால், அது செரிக்காத பழைய சோறு, ஆள் குடல்நோய்க்காரன் என்று பரிசோதனை இயந்திரம் முடிவு கட்டிவிடும். நோயாளியை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அப்புறம் எந்த நாட்டிலும் வேலை கிடைக்காது. கிடைக்காவிட்டால் போகட்டும் என்றுதான் தின்றிருக்கிறான்.

“பாய், யார்ட்டயும் சொல்லிராதீய,” என்றான்.

பாவிப்பயலே, வேறு தட்டே கிடைக்கவில்லையா என்று கடிந்துகொண்டேன். அவன் மகள் முகம் நினைவுக்கு வந்ததும் கோபம் போய்விட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனேன்.

வெயில் ஏறியதும் மருத்துவ அதிகாரி அம்மா வந்தார். இயந்திரம் சகாயத்தை நோயாளி என்று ஒதுக்கியது. அவன் ஓரமாகப் போய் வீட்டுக்குப் போன் போட்டான், ஊருக்கு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி அழுதான். எனக்கும் கண் கலங்கியது. அப்போதுதான் அவன் பேழை காலி என்று அறிவித்தார்கள். விழித்திருப்பவர்களை வரிசையில் நிறுத்தி, யார் வயிறு காலியாக இருக்கிறது என்று பார்த்தார்கள். எல்லார் வயிற்றிலும் இரண்டு பங்கு பிரியாணி. என் வயிறு மட்டும் சுத்தம்.

சகாயத்தைப் பார்த்தேன். அவன் வாயைத் திறப்பான் என்று நின்றேன். அவன் தலை குனிந்துகொண்டான். என் மணிக்கட்டில் உறக்கப்பட்டையைக் கட்ட ஆரம்பித்தார்கள். ஜொஹராவின் நரை கண்ணுக்குள் வந்து நின்றது.

“அது நோவு இல்ல மேடம்,” என்றேன். “அது என் சோறு.”

என் பட்டையை அவிழ்த்துவிட்டு, குழாய் விட்டுச் சகாயத்தின் வயிற்றைக் கழுவினார்கள். பேழைக்குள் இறங்கும்போது அவன் என்னைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

படுத்தவர்களின் போன்கள் அடுப்படி அலமாரியில்தான் இருக்கும். சாயங்காலம் உலை கொதிக்கும்போது சகாயத்தின் போன் அடித்தது. எடுக்காமல் விட்டேன். மறுபடியும் அடித்தது. எடுத்தேன். திரையில் அவன் மகள், புதுச் சட்டை போட்டிருந்தாள்.

“பாய் மாமா, அப்பா பிளைட் ஏறிட்டாங்களா?”

“அப்பா தூங்குறாங்க பாப்பா,” என்றேன்.

“நேரமாகுதுல்ல? எழுப்பி விடுங்க மாமா.”

நான் சுவரைப் பார்த்தேன். எண் சிவப்பாகவே இருந்தது.