சிப்புக்குள் விக்கிய மூச்சு

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அவள் ஆய்வுக்கூடத்து இருட்டறைக்குள் வந்தாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒளிரும் செல்களைப் பார்க்க இருட்டு வேண்டும். ஸ்பிரிட் வாடையும் இயந்திரச் சூடும் கலந்து மூக்கில் ஏறின.

மைக்ராஸ்கோப்புக்கு அடியில் கட்டைவிரல் அளவில் அந்த சிப் இருந்தது. கண்ணாடி போல் தெளிந்த ரப்பர்த் துண்டு. உள்ளே ஒரு முனையில் மார்புத் திசு, மறுமுனையில் நுரையீரல் திசு, நடுவில் முடியளவு ரத்தக்குழாய். பக்கத்துப் பம்ப் காற்றை உறிஞ்சி விட, நுரையீரல் பக்கம் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும். மார்பில் பிறக்கும் புற்றுநோய் எப்படிக் கிளம்பிப் பரவுகிறது என்று கண்ணால் பார்ப்பதற்காகச் செய்தது.

மார்புப் பக்கம் பச்சையாக ஒளிர்ந்தவை அவளுடைய அக்காவின் புற்றுநோய்ச் செல்கள். அக்காவே மனமுவந்து கொடுத்தவை. "நான் போனாலும் உன்கூட வேலைக்கு வருவேன்டி. சம்பளம் மட்டும் வேண்டாம்" என்று சிரித்தாள். அந்த வருஷமே போய்விட்டாள்.

கடைசி நாட்களில் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தபடியே கிடந்தாள். இரண்டு சின்ன மூச்சு, ஒரு விக்கல், பிறகு ஒரு நீண்ட மூச்சு. நடுநடுவே, "என்னைத் தனியா விட்டுடாதடி."

அக்காவைப் பார்த்த டாக்டர் அவளையும் ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். இதோ அதோ என்று தள்ளிப்போட்டாள். அந்த ஆஸ்பத்திரிப் படியைத் திரும்ப மிதிக்க பயம்.

போன வாரம் ரத்தக்குழாய்க்கான செல்கள் தீர்ந்துபோயின. யாரிடமும் சொல்லாமல் தன் ரத்தத்திலிருந்து வளர்த்தவற்றை இந்த சிப்பில் போட்டாள். செய்யக்கூடாது. செய்துவிட்டாள்.

மற்ற சிப்புகளில் அக்காவின் செல்கள் குழாயைக் கடந்து நுரையீரலுக்குப் போய்விடும். இதில் போகவில்லை. குழாய்ச் சுவரிலிருந்த அவளுடைய செல்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தன.

இன்று மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

நுரையீரல் பக்கம் லேசாக இரண்டு முறை விரிந்தது. விக்கியது. பிறகு நீளமாக விரிந்தது.

பம்ப் பழுதாகியிருக்கும். மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் எல்லா இயந்திரத்துக்கும் பட்டப்பெயர் வைத்திருப்பவர். இந்தப் பம்ப்புக்குப் பெயர் ஆஸ்துமா. ஆஸ்துமாவுக்கு இன்றைக்கு என்ன சீக்கு என்று கேட்டபடியே மேசைக்கடியில் நுழைந்தார்.

"பம்ப்பை நிறுத்திடுங்கண்ணா" என்றாள், கண்ணை எடுக்காமல்.

"நிறுத்தியாச்சு."

இரண்டு சின்ன மூச்சு. விக்கல்.

"நிறுத்துங்கண்ணா."

"அம்மாடி, பிளக் என் கையில இருக்கு."

நீண்ட மூச்சு.

இந்த முறை அது காதிலேயே கேட்டது. மேசைக்கடியில் அண்ணனும் அசையாமல் இருந்தார்.

அவள் ஊசிக்குழலில் பிளீச்சை எடுத்தாள். "மன்னிச்சுக்கக்கா" என்று முணுமுணுத்துக் குழாய்க்குள் செலுத்தினாள். பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசிப் புள்ளி அணைந்ததும் மூச்சு நின்றது.

மணிக்கட்டில் மட்டும் யாரோ பிடித்த மாதிரி ஒரு குளிர்ச்சி.

அதற்குமேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன் எடுக்கும் அம்மா விளக்கை அணைத்தார். குளிர்ந்த பசை இடது மார்பில் பட்டது. கருவி ஊர்ந்து ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது.

ஏதோ சின்னதாக இருக்கிறது, நல்ல வேளை சீக்கிரமே வந்துவிட்டீர்கள் என்றார் அந்த அம்மா. பிறகு திரையை நெருங்கிப் பார்த்தார்.

"படம் ஆடுது. கொஞ்சம் மூச்சை அடக்குங்க."

"அடக்கிக்கிட்டுதான் இருக்கேன்" என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் மூச்சு வெளியே வந்துவிடும்.

திரையில் அந்தக் கரும்புள்ளி லேசாக இரண்டு முறை விரிந்தது.

விக்கியது.