சும்மா இருக்கச் சொன்ன செடி

வீட்டில் எல்லாரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். கையும் காலும் ஓர் இடத்தில் நிற்காது. அப்படிப்பட்டவளிடம் போய், மாடி வீட்டுத் தையல்கார அத்தை தன் ஆனைக் கற்றாழையை ஒப்படைத்துவிட்டு வெளியூர் கிளம்பினார்.

பெரிய தொட்டி. நீண்டு தடித்த மடல்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் கூரான முள். பல வருடம் வளர்ந்து ஒரே ஒரு தடவை பூக்குமாம். அந்தப் பூவுக்காகத்தான் அத்தை காத்திருந்தார்.

"தண்ணி ஊத்தாதே. சும்மா விட்டுடு, அதுவே பாத்துக்கும்," என்று படித்துப் படித்துச் சொன்னார்.

வாலு தலையை ஆட்டினாள். ஆனால் சும்மா இருப்பதற்கா ஓர் ஆளைப் பொறுப்பாக வைப்பார்கள்? வேலை வாங்கக் கூச்சப்பட்டு அத்தை அப்படிச் சொல்கிறார் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். காலையில் ஒரு சொம்பு, பள்ளி விட்டு வந்ததும் ஒரு சொம்பு. தொட்டிக்கு அடியில் ஒரு தட்டும் வைத்தாள். ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாதல்லவா!

மடல்கள் மஞ்சளாயின. பாவம், தாகம் போலிருக்கிறது என்று இன்னொரு சொம்பு சேர்ந்தது. ஒருநாள் அடிமடலைத் தொட்டாள். அழுகிய பழத்தைத் தொட்டதுபோல விரல் உள்ளே போயிற்று. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்தாள். செடியைப் பார்த்தாள். பக்கத்தில் விளையாட்டுக் குவளையோடு நின்ற தம்பியையும் பார்த்தாள்.

"நீதானே தண்ணி ஊத்தினே?"

தம்பி திருதிருவென்று விழித்தான். ஒரே ஒரு தடவை ஊற்றியதாக ஒப்புக்கொண்டான். அவனுக்கு இன்னும் பொய் சொல்ல வராது.

அம்மா அவனைத் திட்டி, குவளையைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தாள். வாலு வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல நின்றாள்.

சாயங்காலம் தம்பி செடி முன்னால் குந்தியிருந்தான். "மன்னிச்சுக்கோ செடி. நான் கொஞ்சமாதான் ஊத்தினேன்," என்று அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. வாலுவை வெட்கம் பிடுங்கித் தின்றது. முக்காலி போட்டு ஏறிக் குவளையை எடுத்தாள். நேரே அம்மாவிடம் போனாள்.

"நான்தாம்மா ஊத்தினேன். தினமும். சொம்பு சொம்பா."

அம்மா குவளையைப் பார்த்தாள். நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இதைத் தம்பிகிட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள்.

அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. தம்பியிடம் குவளையை நீட்டியபடி, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்ப நான் கொல்லலையா?" என்றான் தம்பி.

"இல்லடா. நான்தான்."

அழுதால் மடல் நிமிருமா? வாலு அம்மாவின் துணையோடு தொட்டியைக் கவிழ்த்தாள். வேரெல்லாம் கூழாகியிருந்தது. ஆனால் தண்ணீர் எட்டாத ஓரத்தில், காய்ந்த மண்ணில், உள்ளங்கை அளவு பக்கக் கன்று ஒன்று விறைப்பாக இருந்தது. ஈரத்தில் கிடந்தது அழுகிவிட்டது, காய்ந்த இடத்தில் இருந்தது பிழைத்துவிட்டது. வாலுவுக்குப் புரிந்தது. கன்றை அம்மா வெட்டித் தந்தாள். வெட்டிய இடம் நன்றாக உலரும்வரை அதை நிழலில் வைத்து, பிறகு மணலும் சரளைக்கல்லும் கலந்து ஒரு சின்னத் தொட்டியில் நட்டாள். தட்டைச் சமையலறையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அத்தை திரும்பி வந்ததும் வாலுவே அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறிப் போனாள். காது இரண்டும் சுட்டன.

"அத்தை, நீங்க சொன்னதைக் கேக்காம தண்ணி ஊத்திட்டேன். செடி அழுகிப்போச்சு. இது மட்டும்தான் மிச்சம்."

அத்தையின் முகம் வாடிவிட்டது. தொட்டியை வாங்கித் தரையில் வைத்தார். மடலை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு தொட்டியை மெல்ல வாலுவின் பக்கமே தள்ளினார்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். பூக்கும்போது என்னைக் கூப்பிடு."

கீழே வந்ததும் தம்பி குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். வாலு தன் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு செடி முன்னால் உட்கார்ந்தாள். ஒன்றுமே செய்யவில்லை. பிறந்ததிலிருந்து அவள் செய்த வேலைகளிலேயே அதுதான் கஷ்டமான வேலை.