வேள்விக் கிடாய் கடத்தல்

"ஐயோ... என்ரை கிடாயைக் காணேல்லை!"

முத்துக்குமாருவின் அலறலில் மருதனார்மடத்து ஒழுங்கையே கூடிவிட்டது.

கொட்டில் வெறுமை! கயிறு அறுபட்டுக் கிடந்தது. விடிந்தால் வைரவர் கோயில் வேள்வி. மாலை போட்டு மேளத்தோடு பலிக்குப் போக வேண்டிய கிடாய்!

இன்ஸ்பெக்டர் செபநாயகம் மூளையைக் கசக்கவே இல்லை. திருடர்களே கம்பஸிலிருந்து கிடாயோடு பேஸ்புக்கில் நேரலை போட்டிருந்தார்கள்.

முத்துக்குமாருவையும் ஏற்றிக்கொண்டு ஜீப் பல்கலைக்கழகக் கம்பஸுக்குப் பறந்தது. மாணவர் சங்க அறைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே... கிடாய்! 'எல்லா உயிரையும் காப்போம்' பதாகையைப் பாதி தின்றிருந்தது.

விலங்குரிமைச் சங்கத் தலைவன் சிவதர்ஷன் இரு கைகளையும் நீட்டினான். சுற்றிலும் போன்கள் படம் பிடித்தன.

"நான்தான் களவெடுத்தனான் சேர்! பிடியுங்கோ!"

"பொறும்..." செபநாயகம் முத்துக்குமாருவிடம் திரும்பினார். "ஐயா, உங்கடை கிடாய்தானே?"

கிடாய் ஓடிவந்து முத்துக்குமாரு கட்டியிருந்த சாரத்தில் முகம் தேய்த்தது. அவர் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பினார்.

"இல்லை சேர்... இது என்ரை இல்லை, வேறை ஆற்றையோ கிடாய்."

சிவதர்ஷன் அதிர்ந்தான். கைதாகாத தலைவன் ஒரு தலைவனா?

"பொய் சேர்! இந்த ஐயாவின்ரை கிடாய்தான்! கொட்டிலிலை எடுத்த வீடியோ இருக்கு. மதுரா, காட்டு!"

சங்கச் செயலாளர் மதுரா போனைத் தேடினாள். வீடியோ வெளியே வந்தால் கிடாயின் தலை நாளைக்குப் போய்விடும்! முத்துக்குமாரு பதறிப்போய் இருவரையும் மூலைக்கு இழுத்தார்.

"விசரா! மகள் காய்ச்சல் வருத்தத்திலை கிடக்கேக்கை வைரவருக்கு நேர்ந்த கிடாய். அவள் சுகமாகி எழும்பீட்டாள். ஆனா இதைக் கையாலை சாப்பாடு தீத்தி வளர்த்தனான்... வெட்டக் குடுக்க மனம் வரேல்லை. குடுக்காமல் விடவும் பயம். களவு போனா வைரவர் என்னைக் கோவிக்க மாட்டார்தானே?"

"அப்ப... நாங்கள் ரகசியமா வந்தது?"

"ரகசியமோ? 'மீட்கப் போறம்' எண்டு பேஸ்புக்கிலை போட்டதை மகள் வாசிச்சுக் காட்டினவள். படலையைத் திறந்து விட்டது ஆர்? நாயைக் கட்டினது ஆர்?"

சிவதர்ஷன் நீட்டிய கைகளைத் தானாகவே மடக்கினான். கம்பஸ் வாழ்க்கையில் முதல் தடவை!

"வீடியோ எங்கை பிள்ளை?" செபநாயகம் கேட்டார். மதுராவின் விரல் அதற்குள் வேலையை முடித்திருந்தது.

"அழிஞ்சு போச்சு சேர்."

"அப்ப இது ஆற்றை கிடாய்?"

"எங்கடை சங்க உறுப்பினர் சேர்!"

செபநாயகம் கிடாயைப் பார்த்தார். முத்துக்குமாருவின் ஈரக் கண்ணையும் பார்த்தார். போய் ஜீப்பில் ஏறினார்.

முத்துக்குமாரு கிடாயின் கழுத்தைத் தடவிவிட்டுப் புறப்பட்டார். வாசலில் திரும்பினார்.

"தம்பி, நேர்த்திக்கடன் இன்னும் தீரேல்லை. பதிலுக்கு வேறை குட்டி கட்டியிருக்கிறன். வாற வருசமும் மறக்காமல் களவெடுக்க வாங்கோ!"